கட்டி எங்கே முடிகிறது? புற்றுநோய் அறுவையில் ஒளி செய்யும் வேலை

புற்றுநோய்க் கட்டியை அகற்றும் அறுவை மருத்துவருக்குத் தீராத கேள்வி ஒன்று உண்டு: கட்டி எங்கே முடிகிறது, நல்ல திசு எங்கே தொடங்குகிறது? ஸ்கேன் படத்தில் கட்டி ஓரளவு தெளிவான உருவமாகத் தெரியும். உடலைத் திறந்தபின் அந்தத் தெளிவு இருப்பதில்லை. ரத்தம் கசியும் ஈரத் திசுவில் கட்டியும் கட்டியல்லாததும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் கிடக்கும். மருத்துவர் விரலால் அழுத்திப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் சந்தேகப்படுவார். கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அனுபவம்தான் முடிவு செய்யும்.

அந்த முடிவு எந்தப் பக்கம் பிசகினாலும் நோயாளிக்கு இழப்பு. குறைவாக வெட்டினால் மிஞ்சிய செல்கள் மறுபடி வளரும். அதிகமாக வெட்டினால், மூளையில் என்றால் பேச்சோ கைகால் அசைவோ போகலாம். மார்பகப் புற்றுநோயில் மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கும் சிகிச்சை இன்று பரவலாக நடக்கிறது. எடுத்த துண்டின் ஓரத்தில் புற்றுசெல் ஒட்டியிருக்கிறதா என்று நோயியல் ஆய்வகம் உறுதியாகச் சொல்லச் சில நாட்கள் ஆகும். அதற்குள் தையல் போட்டு அனுப்பியிருப்பார்கள். ஓரத்தில் செல் இருந்ததாக அறிக்கை வந்தால் மறுபடி மேசையில் ஏற வேண்டும். ஐந்தில் ஒருவர் வரை இப்படி இரண்டாம் அறுவைக்குப் போகிறார்கள்.

மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமாவில் நிலைமை இன்னும் கடினம். நெல்வயலில் நெற்பயிரைப் போலவே முளைத்து, கதிர் விடும்வரை கண்ணுக்குப் பிடிபடாத களை போல, அதன் செல்கள் நல்ல மூளைத் திசுவுக்குள் ஊடுருவி நிற்கும். அதற்குத் தெளிவான எல்லைக்கோடு கிடையாது.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒளியியல் துறை அறுவை அரங்குக்குள் வந்திருக்கிறது. கட்டியை மட்டும் ஒளிரவைக்கும் சாயங்கள், உடலைத் துளைத்துப் பார்க்கும் கேமராக்கள், திசுவின் வேதியியலை நொடிகளில் படிக்கும் லேசர்கள் என்று பலவும் வந்துள்ளன. செய்திகளில் இவை பெரும்பாலும் புதுப் பொருட்களின் வெற்றியாகப் பேசப்படுகின்றன. வரலாற்றை நிதானமாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: புற்றுசெல்லின் பழக்கவழக்கங்களைப் பற்றிய அறிவு வளர்ந்த அளவுக்குத்தான் ஒளியும் பயன்பட்டிருக்கிறது.

நூறாண்டுக்கு முந்தைய தொடக்கம்

1900-இல் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர், பேராசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனரிடம் பயின்றுகொண்டிருந்தார். அக்ரிடின் என்ற சாயம் பரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியை எப்படிப் பாதிக்கிறது என்பது அவருடைய ஆய்வு. ஒரே அளவு சாயம் கொடுத்தும், ஒரு சமயம் உயிரிகள் விரைவில் மடிந்தன. இன்னொரு சமயம் நீண்ட நேரம் உயிரோடு இருந்தன. வேறுபாட்டுக்குக் காரணம் அறைக்குள் விழுந்த வெளிச்சம். சாயமும் ஒளியும் தனித்தனியே பெரிய கேடு செய்யவில்லை. இரண்டும் சேர்ந்தபோது கொன்றன. டாப்பைனர் இதை மனிதரிடமும் சோதித்தார். 1903-இல் இயோசின் சாயத்தைத் தடவித் தோல் கட்டிகள்மேல் ஒளி பாய்ச்சினார். அதே ஆண்டு, தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை கண்ட டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1912-இல் ஃபிரெட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் ஹெமட்டோபார்ஃபைரின் என்ற பொருளில் 200 மில்லிகிராமைத் தமக்கே ஊசி வழியாகச் செலுத்திக்கொண்டார். வெயிலில் போனதும் முகமும் கையும் கடுமையாக வீங்கின. வெயிலைத் தாங்க முடியாத அந்த நிலை இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. ஒளியைப் பிடிக்கும் பொருளை உடலுக்குள் செலுத்தினால் அது எங்கெல்லாம் தங்குகிறதோ அங்கெல்லாம் வேலை செய்யும் என்பதற்கு அவருடைய உடலே சாட்சியானது. கட்டியில் மட்டும் தங்கவைப்பது எப்படி என்ற கேள்வியோடுதான் இந்தத் துறை இன்றுவரை மல்லுக்கட்டுகிறது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராஸ்வெல் பார்க் மையத்தில் தாமஸ் டகர்ட்டி 1970-களில் இந்த வழியை முறையான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். அதன் பயனாக வந்த ஃபோட்டோஃப்ரின் மருந்துக்கு 1993-இல் கனடாவும், 1995-இல் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. மருந்து கட்டியில் சற்று அதிகமாகத் தங்கியது உண்மை. ஆனால் தோலிலும் தங்கியது. சிகிச்சை பெற்றவர்கள் குறைந்தது ஒரு மாதம் வெயிலைத் தவிர்க்க வேண்டியிருந்தது. மேயர்-பெட்ஸ் பட்ட பாடு வேறு அளவில் தொடர்ந்தது.

ஒளி எவ்வளவு ஆழம் போகும்?

கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டு விரல் நுனியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளை ஒளி உள்ளே போகிறது. மறுபக்கம் சிவப்பு மட்டுமே வருகிறது. நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. சிவப்பைத் தாண்டி அகச்சிவப்புக்குள் வெகுதூரம் போனால் அங்கே தண்ணீர் ஒளியை உறிஞ்சத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில், ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் அலைநீளம் வரை, உடல் திசு ஒளிக்கு ஓரளவு வழிவிடுகிறது. இந்தப் பகுதியை ஒளியியலார் திசுவின் சாளரம் என்கிறார்கள். உடலுக்குள் பயன்படும் சாயங்களில் பெரும்பாலானவை இந்தச் சாளரத்தை நோக்கியே வடிவமைக்கப்படுகின்றன.

இந்தச் சாளரத்தில் வேலை செய்யும் மிகப் பழைய மருத்துவச் சாயம் இண்டோசயனின் கிரீன். கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்து, 1959-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஏறத்தாழ 800 நானோமீட்டரில் ஒளியை வாங்கி, அதைவிடச் சற்று நீண்ட அலைநீளத்தில் திருப்பித் தருகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதால், குடலை வெட்டி இணைத்த இடத்தில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, புற்றுநோய் முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணு எது என்பவற்றைக் காட்ட இன்றும் அன்றாடம் பயன்படுகிறது. ஆனால் புற்றுசெல்லை அடையாளம் காணும் திறன் அதற்கு இல்லை. கல்லீரல் கட்டிகள் சிலவற்றில் பித்தம் வடியும் வழி அடைபட்டிருப்பதால் அங்கே தேங்கி ஒளிர்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பழைய சாயத்துக்கே அண்மையில் ஒரு புதிய பயன் கிடைத்தது. அதன் ஒளிர்வின் வால்பகுதி 1000 நானோமீட்டரையும் தாண்டி நீள்கிறது. அந்தப் பகுதியில் திசுவுக்குள் ஒளி சிதறுவது குறைவு. எனவே படம் கூர்மையாக விழும். சாதாரணக் கேமராக்களின் சிலிக்கானால் அந்த அலைநீளத்தைப் பிடிக்க முடியாது. இண்டியம், காலியம், ஆர்சனிக் சேர்ந்த குறைக்கடத்தியால் ஆன உணரி வேண்டும். அத்தகைய கேமராவைக் கொண்டு சீனாவில் 23 கல்லீரல் கட்டி நோயாளிகளுக்கு நடந்த அறுவையின் முடிவுகள் 2020-இல் வெளியாயின. சாயம் அரை நூற்றாண்டுக்கு முந்தையது. அதைப் பார்க்கும் கருவிதான் புதியது.

செல்லே செய்துகொள்ளும் சாயம்

கிளையோபிளாஸ்டோமாவுக்குக் கிடைத்த விடை அழகானது. நம் உடலின் செல்கள் ஹீம் என்ற பொருளைத் தாமே தயாரிக்கின்றன. ஹீமோகுளோபினின் மையத்தில் இருப்பது அதுதான். தயாரிப்பு பல படிகளில் நடக்கிறது. தொடக்கப் படிகளில் ஒன்றில் அமினோலெவுலினிக் அமிலம் உருவாகிறது. கடைசிப் படிக்கு முன்னால் புரோட்டோபார்ஃபைரின் உருவாகிறது. அதற்குள் இரும்பு அணுவை வைத்ததும் ஹீம் தயார். இரும்பை வைக்கும் வேலையைச் செய்வது ஃபெரோகீலட்டேஸ் என்ற நொதி.

பல புற்றுசெல்களில் இந்தக் கடைசி நொதியின் வேலை மந்தம். எனவே அமினோலெவுலினிக் அமிலத்தை அதிகமாகக் கொடுத்தால், நல்ல செல் அதை ஹீம்வரை கொண்டுபோய் முடித்துவிடும். புற்றுசெல்லோ இரும்பு ஏறாத புரோட்டோபார்ஃபைரினைக் குவித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பொருள் நீல ஒளியை வாங்கிச் சிவப்பாக ஒளிரக்கூடியது. வெளியிலிருந்து சாயம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. செல் தன் குறையாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

கனடாவின் கிங்ஸ்டன் நகரில் கென்னடியும் பாட்டியரும் 1990-இல் இதைத் தோல் புற்றுநோய்க்குப் பயன்படுத்திக் காட்டினர். மூளை அறுவைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் வால்டர் ஸ்டம்மர். நோயாளியின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கில் மருந்துத் தூளைத் தண்ணீரில் கரைத்து, மயக்கம் கொடுப்பதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு முன் குடிக்கக் கொடுக்கிறார்கள். மண்டையோட்டைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்த கட்டியை வெள்ளை ஒளியில் எடுக்கிறார்கள். பிறகு நுண்ணோக்கியின் விளக்கை நீலத்துக்கு மாற்றுகிறார்கள். அந்த ஒளியில் நல்ல மூளை நீலமாகத் தெரியும். கட்டியின் நடுப்பகுதி அடர்சிவப்பாக எரியும். நல்ல திசுவுக்குள் ஊடுருவிய ஓரம் மங்கலான இளஞ்சிவப்பாகத் தெரியும். ரத்தம் வழிந்தால் அந்த இடம் கறுத்துவிடும்; துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். நீல ஒளியில் வெட்டும்போது ரத்தக்கசிவு சரியாகத் தெரியாது. எனவே இரண்டு ஒளிகளுக்கும் மாறி மாறிப் போய்வர வேண்டும். மங்கிய இளஞ்சிவப்பு தெரியும் இடத்தில் வெட்டுவதா விடுவதா என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஸ்டம்மர் குழுவின் ஒப்பீட்டு ஆய்வு 2006-இல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்தது. 322 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் கட்டி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் ஒளிர்வுப் பிரிவில் 65 விழுக்காடு. வெள்ளை ஒளிப் பிரிவில் 36 விழுக்காடு. ஆறு மாதம்வரை நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் முறையே 41 விழுக்காடும் 21 விழுக்காடும். ஐரோப்பா 2007-இலும் அமெரிக்கா 2017-இலும் ஒப்புதல் தந்தன.

அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியையும் சேர்த்தே படிக்க வேண்டும். மொத்த ஆயுட்காலத்தில் இரண்டு பிரிவுகளுக்கும் இடையே புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒளிர்ந்த கட்டியைத் தாண்டியும் செல்கள் மூளைக்குள் பரவியிருக்கின்றன. வளர்ச்சி வேகம் குறைந்த மூளைக் கட்டிகளில் பெரும்பாலானவை இந்த மருந்துக்கு ஒளிர்வதும் இல்லை. இது நல்ல கருவிதான். அது கிளையோபிளாஸ்டோமாவைக் குணப்படுத்திவிடவில்லை.

பழக்கத்தைப் படிக்கும் மூலக்கூறுகள்

2000-இல் டக்ளஸ் ஹனஹானும் ராபர்ட் வைன்பர்க்கும், எத்தனையோ வகையாகத் தோன்றும் புற்றுநோய்களுக்குப் பொதுவான ஆறு திறன்களைத் தொகுத்து எழுதினர். வளர்ச்சிக் கட்டளையைத் தானே பிறப்பித்துக்கொள்வது, சாகச் சொன்னாலும் சாகாமல் இருப்பது, ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்வது, பக்கத்துத் திசுவுக்குள் புகுவது போன்றவை அவற்றில் அடங்கும். பின்னர் அந்தப் பட்டியல் நீண்டது. இன்றைய ஒளிர்மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் புற்றுசெல்லின் இத்தகைய பழக்கம் ஒன்றைப் பற்றிக்கொண்டே செய்யப்பட்டிருக்கின்றன.

சூலகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். ஓயாமல் பிரியும் செல்லுக்கு டி.என்.ஏ. தயாரிக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். சூலகப் புற்றுசெல்கள் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் ஃபோலேட் ஏற்பி மிகுதியாக இருக்கும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஃபிலிப் லோவின் ஆய்விலிருந்து பிறந்த பாஃபோலாசயனின், அந்த ஏற்பியைத் தேடும் மூலக்கூறோடு அண்மை அகச்சிவப்புச் சாயத்தைப் பிணைத்தது. 2021 நவம்பரில் சூலகப் புற்றுநோய்க்கும், 2022 டிசம்பரில் நுரையீரல் கட்டிகளுக்கும் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. சூலக ஆய்வில் 134 பெண்களில் 26.9 விழுக்காட்டினரிடம், கண்ணுக்கும் விரலுக்கும் தப்பிய புற்றுத்திசு ஒன்றாவது இந்த ஒளியில் சிக்கியது. நான்கில் ஒருவருக்கு மேல் என்பது பெரிய கணக்கு. அதே சமயம், ஃபோலேட்டை விரும்பும் புற்றல்லாத செல்களும் உடலில் உண்டு. அவையும் ஒளிரும். ஒளிர்ந்த இடமெல்லாம் புற்று என்று கொள்ள முடியாது.

மார்பகத்துக்கான பெகுலிசயனின் வேறு வழியில் போகிறது. பக்கத்துத் திசுவுக்குள் புகும் கட்டி, வழியை அரித்துத் திறக்கக் கத்தெப்சின் போன்ற புரத நொதிகளை அதிகமாகச் சுரக்கிறது. இந்தச் சாயம் ஊசியில் போகும்போது அணைந்தே இருக்கும். நொதி அதன் இணைப்பைத் துண்டித்தால்தான் ஒளிரும். கட்டியை எடுத்தபின் உண்டான குழிக்குள் கையளவு கருவியை வைத்து மருத்துவர் சுவர்களைப் பார்க்கிறார். எங்கே ஒளி தெரிகிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் எடுக்கிறார். ஆய்வில் இந்த வழிகாட்டுதல் பெற்ற 357 பேரில் 27 பேரிடம், வழக்கமான அறுவைக்குப் பிறகும் தங்கியிருந்த புற்று இவ்வாறு அகற்றப்பட்டது. 2024 ஏப்ரலில் அமெரிக்க ஒப்புதல் வந்தது. இதற்கும் மறுபக்கம் உண்டு. மிஞ்சிய புற்றில் ஏறத்தாழ பாதியைத்தான் ஒளி பிடித்தது. ஒருசிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்ததால் மருந்தின் உறையிலேயே எச்சரிக்கை அச்சாகிறது.

மூன்றாவது வழி அமிலத்தன்மை. புற்றுசெல்கள் சர்க்கரையை அள்ளி விழுங்கி, ஆக்சிஜன் இருந்தபோதும் அதை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன என்று ஓட்டோ வார்பர்க் 1920-களில் கண்டார். அதனால் கட்டியைச் சுற்றிய திரவம் சற்றுப் புளித்திருக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜின்மிங் காவ் குழு உருவாக்கிய பாலிமர் துகள், நடுநிலையான ரத்தத்தில் சுருண்டு அணைந்திருக்கும். அமிலச் சூழலுக்கு வந்ததும் கலைந்து ஒளிரும். வார்பர்க்கின் கண்டுபிடிப்பு அறுவை அரங்கில் கைகொடுக்க ஏறத்தாழ நூறாண்டு பிடித்திருக்கிறது.

பிரகாசம் போதுமா?

ஒளியியல் பொருட்களில் அண்மைக்காலத்தில் மிகப் புகழ்பெற்றவை குவாண்டம் புள்ளிகள். சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்திப் படிகங்கள் இவை. பொருளை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றினால் நிறம் மாறும்: சிறியது நீலம், பெரியது சிவப்பு. மவுங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எக்கிமோவ் மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசை இவை பெற்றுத் தந்தன. சாயங்களைவிடப் பிரகாசமானவை, எளிதில் மங்காதவை. 1998-இலேயே உயிரியல் ஆய்வுக்கு வந்துவிட்டன. ஆயினும் புற்றுநோய் அறுவையில் இவை வழக்கமான மருந்தாகவில்லை. பழக்கமான வகைகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. அதோடு, உடலுக்குள் போனது வெளியே வந்தாக வேண்டும்.

2007-இல் ஜான் ஃப்ராஞ்சோனி, மவுங்கி பவெண்டி குழுவினர் இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தனர். ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சிறுநீரகம் துகளை வடிகட்டி வெளியேற்றிவிடும். அதற்கு மேலென்றால் பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடும். இந்தப் பாடத்தைக் கற்றவர்கள் சிறியதாகச் செய்யத் தொடங்கினர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் உல்ரிக் வீஸ்னர் உருவாக்கிய சிலிக்காத் துகள்கள் பத்து நானோமீட்டருக்கும் குறைந்தவை. சாயத்தைச் சிலிக்காவுக்குள் பொதிந்ததால் ஒளி கூடியது. சிறியதாக இருந்ததால் சிறுநீரில் வெளியேறியது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஐந்து மெலனோமா நோயாளிகளிடம் முதன்முதலாகச் சோதித்த முடிவுகள் 2014-இல் வெளியாயின.

இன்னொரு கணக்கு இந்தத் துறையையே யோசிக்கவைத்தது. 1986-இல் ஜப்பானின் மட்சுமுராவும் மேயெடாவும், கட்டியின் ரத்தக் குழாய்கள் ஓட்டையாக இருப்பதால் பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தங்குகின்றன என்று காட்டினர். நானோ மருத்துவம் பெருமளவு இந்த நம்பிக்கையின்மேல் எழுந்தது. முப்பது ஆண்டுக்குப் பின், 2016-இல், டொரன்டோவின் வாரன் சான் குழு பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பெரும்பாலும் விலங்குகளில் நடந்த அந்த ஆய்வுகளில், செலுத்திய துகள்களில் கட்டியைப் போய்ச் சேர்ந்தது இடைநிலையாக 0.7 விழுக்காடு மட்டுமே. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. துகளை எவ்வளவு பிரகாசமாகச் செய்தாலும், அது போய்ச் சேராத இடத்தில் ஒளி வராது. பொருளறிவியலார் உயிரியலாரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டிய அவசியத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

சாயமே வேண்டாத வழி: ராமன் காட்டியது

திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்த விளைவு இன்று மூளை அறுவை அரங்கில் வேலை செய்கிறது. ஒரு மூலக்கூறின்மேல் ஒளி விழுந்து சிதறும்போது, மிகச் சிறு பகுதி அந்த மூலக்கூறின் அதிர்வுக்கேற்ப நிறம் மாறி வருகிறது. கொழுப்புக்கு ஓர் அதிர்வு, புரதத்துக்கு வேறோர் அதிர்வு. எனவே சாயம் சேர்க்காமலேயே எது கொழுப்பு, எது புரதம் என்று ஒளி சொல்லிவிடும். சிக்கல், அந்தச் சிதறல் மிக அரிது என்பதே. இரண்டு லேசர்களை ஒருசேரப் பாய்ச்சி அந்தச் சைகையைப் பலமடங்கு பெருக்கும் முறையை ஹார்வர்டில் சன்னி ஷீ குழு 2008-இல் உயிர்த்திசுப் படமெடுப்புக்குக் கொண்டுவந்தது.

மூளையில் நல்ல திசு கொழுப்புறை போர்த்திய நரம்பிழைகளால் ஆனது. கட்டியோ நெருக்கியடித்த செல்களாலும் அவற்றின் புரதம் நிறைந்த உட்கருக்களாலும் ஆனது. ஆகவே இரண்டும் ராமன் படத்தில் பிரிந்து தெரிகின்றன. வழக்கப்படி, அறுவை நடக்கும்போதே திசுத்துண்டை உறையவைத்துச் சீவிச் சாயமேற்றி நோயியல் நிபுணர் பார்த்துச் சொல்ல 20 முதல் 30 நிமிடம் ஆகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் நியூயார்க்கிலும் டேனியல் ஆரிங்கர், டாட் ஹாலன் குழுவினர், திசுத்துண்டை அரங்கிலேயே ராமன் முறையில் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தனர். 278 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. முடிவு 150 நொடிக்குள் கிடைத்தது. இயந்திரத்தின் கணிப்பு 94.6 விழுக்காடு சரி. நோயியல் நிபுணர்களின் கணிப்பு 93.9 விழுக்காடு சரி. 2024-இல் 'நேச்சர்' இதழில் வந்த அடுத்த ஆய்வு ஊடுருவிய ஓரத்தையே குறிவைத்தது. 220 நோயாளிகளில், ஆபத்தான மிச்சக் கட்டியை இந்த முறை தவறவிட்டது 3.8 விழுக்காடு; வழக்கமான முறைகள் தவறவிட்டது ஏறத்தாழ 25 விழுக்காடு.

காட்டும் ஒளி, கொல்லும் ஒளி

ராப் கண்ட இன்னொரு பாதையும் முதிர்ந்திருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிசடாகா கோபயாஷி குழு 2011-இல் வெளியிட்ட முறையில், புற்றுசெல்லின் ஏற்பியைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தோடு ஒளியுணர் மூலக்கூறு பிணைக்கப்படுகிறது. மருந்து ரத்தத்தில் செலுத்தப்படுகிறது. ஏறத்தாழ ஒரு நாள் கழித்து 690 நானோமீட்டர் ஒளியைக் கட்டியின்மேல் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்டதும் மூலக்கூறின் நீர்விரும்பும் பகுதி கழன்று விழுகிறது. மிஞ்சியது நீரை வெறுப்பதாக மாறி உருக்குலைய, அது ஒட்டியிருந்த செல்சவ்வு கிழிந்து செல் ஊதி வெடிக்கிறது. ஏற்பி குறைவாக உள்ள பக்கத்துச் செல் பெரும்பாலும் தப்பிக்கிறது. வெடித்த செல்லிலிருந்து சிதறும் பொருட்கள் நோயெதிர்ப்பு அமைப்பையும் எழுப்புகின்றன. தலை, கழுத்துப் பகுதியில் வேறு வழியில்லாத புற்றுநோய்க்கு ஜப்பான் 2020 செப்டம்பரில் நிபந்தனையோடு ஒப்புதல் தந்தது. மேயர்-பெட்ஸின் காலத்தில் உடல் முழுவதும் பரவி நின்ற மருந்து, இப்போது குறித்த செல்லின் சவ்வுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனாலும் ஒளி போகாத ஆழத்தில் இந்தச் சிகிச்சையும் போகாது.

எதை வைத்து எடைபோடுவது?

ஒளியின் வெற்றிகளை வரிசையாகப் பார்த்தால் அளவுகோல் ஒன்று புலப்படுகிறது. நன்றாகத் தெரிந்ததா என்பது முதல் கேள்வி. தெரிந்ததால் அதிகம் அகற்ற முடிந்ததா என்பது இரண்டாவது. அதனால் நோயாளி நீண்ட நாள், நல்லபடியாக வாழ்ந்தாரா என்பது கடைசிக் கேள்வி. பெரும்பாலான ஆய்வுகள் முதல் கேள்விக்கு விடை தந்திருக்கின்றன. சில இரண்டாவதற்கும் தந்திருக்கின்றன. கடைசிக் கேள்விக்கு விடை தந்தவை குறைவு.

கடைசிக் கேள்விக்கு உறுதியான விடை தந்த ஆய்வு ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நல்ல வெளிச்சத்தில் மக்களின் வாயைக் கண்ணால் சோதித்தனர். லேசர் கிடையாது, நானோத் துகள் கிடையாது. 2005-இல் 'லான்செட்' இதழில் டாக்டர் சங்கரநாராயணன் குழு முடிவை வெளியிட்டது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில், சோதிக்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்றால் இறந்தவர்கள் 34 விழுக்காடு குறைவு.

இந்தியாவில் 2022-இல் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானதாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது. அவர்களுக்குப் புதிய ஒளியும் வேண்டும், பழைய வெளிச்சமும் வேண்டும். ஒளிர்சாயங்களும் ராமன் கருவிகளும் அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் வர வேண்டும். அவற்றைச் சோதிக்கும் ஆய்வுகள் ஆயுட்காலத்தையும் அளக்க வேண்டும். எலியில் ஒளிர்ந்த துகளைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, மனிதரிடம் சோதித்தார்களா, எதோடு ஒப்பிட்டார்கள், யாராவது கூடுதலாக வாழ்ந்தார்களா என்று கேட்கும் பழக்கம் வாசகருக்கும் வேண்டும்.

இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடிப்பு, ஆறாத புண் என்று ஏதாவது இருந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வலி இல்லை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்த புற்றுக்கு எல்லை தேடுவது எளிது.